ஓரமாகப் போ: சைக்கிள் பாதையின் ஒரு நூற்றாண்டு

1934 டிசம்பரில் லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்னும் புது நெடுஞ்சாலையை ஒட்டி, பிரிட்டிஷ் அரசு சைக்கிளுக்கென்றே போட்ட முதல் பாதை திறக்கப்பட்டது. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா நேரில் வந்து திறந்து வைத்தார். சாலையின் இரு பக்கமும் பாதை, அகலம் எட்டரை அடி, கான்கிரீட் தளம், ஏறக்குறைய இரண்டரை மைல் நீளம். இப்படி ஒன்று இன்று அண்ணா சாலையில் கிடைத்தால் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். அன்று பிரிட்டனில் நடந்தது நேர்மாறு. 1878-இல் தொடங்கிய சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் அந்தப் பாதையைக் கடுமையாக எதிர்த்தது. கிளப்பின் செயலாளர் ஜி. எச். ஸ்டான்சர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாதைத் திட்டங்களை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். சைக்கிள்காரர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று அரசு சொல்கிறது, சைக்கிள்காரர்களோ வேண்டாம் என்கிறார்கள். பிடிவாதக்காரர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது எளிது. பின்னாளில் வந்த வரலாற்றாசிரியர்கள் சிலர் அப்படித்தான் தள்ளினார்கள். பிரிட்டன் ஹாலந்தைப் போல ஆகாமல் போனதற்கு இந்தக் கிளப்பே காரணம் என்றும் எழுதினார்கள்.

கிளப்பின் அச்சம் சரியானது, அது எடுத்த முடிவு தவறானது என்பதே என் கருத்து. சைக்கிளுக்குத் தனிப் பாதை போடுவதில் இரண்டு வகை உண்டு. காரின் வழியிலிருந்து சைக்கிளை அகற்றப் போடுவது ஒன்று. சைக்கிளின் வழியிலிருந்து காரை அகற்றப் போடுவது மற்றொன்று. வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அகலம்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனால் முதல் வகையில் கார் எதையும் இழப்பதில்லை. வேகம் குறைவதில்லை, இடம் குறைவதில்லை, சந்திப்பில் காத்திருப்பதும் இல்லை. இரண்டாம் வகையில் கார் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். முதல் வகைப் பாதைகள் உயிரைச் சரிவரக் காக்கவில்லை, அல்லது காக்க வேண்டிய ஆட்களே பாதையில் இல்லாமல் போனார்கள். இரண்டாம் வகை மட்டுமே நிலைத்தது. கடந்த நூறாண்டு வரலாற்றை இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு படித்தால், முரணாகத் தெரியும் பல செய்திகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன.

கிளப்பின் அச்சம் ஏன் சரி என்று முதலில் பார்ப்போம். கார் வருவதற்கு முன்பே சாலைக்காகப் போராடியவர்கள் சைக்கிள்காரர்கள். ரயில் வந்த பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்த கிராமச் சாலைகளைச் செப்பனிடச் சொல்லி 1886-இல் சாலை மேம்பாட்டுச் சங்கம் என்று ஒன்றை நிறுவியதே சைக்கிள் அமைப்புகள்தான். 1888-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளையும் குதிரை வண்டியைப் போல ஒரு வண்டியே என்று ஏற்றுக்கொண்டது. முந்திச் செல்லும்போது மணி அடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சாலையில் முழு உரிமை கிடைத்தது. அதற்கு முன்பு ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி சைக்கிளைத் தடுத்து வந்தது. ஆக, சாலை உரிமை என்பது அந்தத் தலைமுறைக்குக் கேட்டு வாங்கிய சொத்து. பிறகு கார் வந்தது. 1903-இல் கார்களுக்கு மணிக்கு 20 மைல் என்று விதித்த உச்ச வரம்பை 1930-ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு நீக்கிவிட்டது. விளைவைப் பார்க்க நான்கு ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. 1934-இல் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டில் இருந்த மோட்டார் வண்டிகள் மொத்தமே சுமார் 24 லட்சம். அரசு அவசரமாக ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 1935 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதே கையோடுதான் சைக்கிள் பாதையும் வந்தது. வரம்பை எடுத்தவர்கள், வரம்பு இல்லாததால் செத்தவர்களைப் பார்த்து நீங்கள் கொஞ்சம் ஓரமாகப் போங்கள் என்று சொன்னால் யாருக்குக் கோபம் வராது?

பாதையின் தரமும் இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. வெஸ்டர்ன் அவென்யூப் பாதை, குறுக்குத் தெரு வந்த இடமெல்லாம் அறுந்தது. ஒவ்வொரு தெருவிலும் சைக்கிள்காரர் வேகம் குறைத்து, இறங்கி, காருக்கு வழிவிட்டு, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். பக்கத்திலேயே நேர்ச்சாலையில் போகிற காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாதை நெடுகத் தொடர்ந்து இருந்த இடங்களில் ஆபத்து சிறிதாகவே இருந்தது. உண்மையான ஆபத்து சந்திப்பில்தான் இருந்தது. அந்தச் சந்திப்பில்தான் பாதை கைவிட்டது. மழை பெய்தால் குடை கொடுக்காமல், வெயிலில் மட்டும் குடை விரிக்கிற கதை. பிரிட்டிஷ் அமைச்சகம் இந்த யோசனைக்காக ஹாலந்துப் பொறியாளர்களைக் கலந்தாலோசித்தது உண்மை; அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நாடு முழுதும் நூற்றுக்கணக்கான மைல்கள் இப்படிப் போடப்பட்டதும் உண்மை. போர் வந்து எல்லாவற்றையும் மறக்கடித்தது. புதர் மண்டியும், நடைபாதை என்று தவறாக எண்ணப்பட்டும் கிடந்த அந்தப் பாதைகளில் பலவற்றை அண்மைக் காலத்தில் கார்ல்டன் ரீட் என்ற எழுத்தாளர் பழைய ஆவணங்களை வைத்து அடையாளம் காட்டினார்.

கிளப்பின் அச்சத்திற்கு இன்னொரு ஆதாரம் கடலுக்கு அப்பால் இருந்தது. 1934-இலேயே ஜெர்மனியின் புதிய சாலைச் சட்டம், பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர் பாதையில்தான் போக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. காரோட்டத்தைக் கொண்டாடிய அரசு அது. சாலையைத் தடையின்றி வைப்பதே நோக்கம் என்பதை அது மறைக்கவும் இல்லை. இந்தப் பொதுக் கட்டாயம் ஜெர்மனியில் 1990-களின் இறுதிவரை நீடித்தது. பாதை என்று வந்துவிட்டால் அடுத்தது கட்டாயம், அதற்கடுத்தது தடை என்று ஸ்டான்சரும் அவர் தோழர்களும் கணித்தது வெறும் கற்பனை அல்ல. 1939-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை நியமித்த ஆல்னஸ் குழு, பாதைகளை விரிவாகப் போட்டு அவற்றின் பயன்பாட்டைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்ததோடு, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்றும் சொன்னது. பிள்ளைகளைச் சாவிலிருந்து காக்கும் வழி பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிடுவது. இந்தத் தர்க்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு கழித்து இதே கேள்விக்கு வேறொரு நாட்டுத் தாய்மார்கள் வேறொரு பதில் சொன்னார்கள்.

ஆனால் கிளப் எடுத்த முடிவு என்ன? பாதையே வேண்டாம், சாலையில் எங்கள் உரிமையை விட மாட்டோம் என்பது. காகிதத்தில் உரிமை தப்பியது, சாலையில் ஆள் தப்பவில்லை. 1949-இல் பிரிட்டனில் சைக்கிளில் கடந்த தூரம் சுமார் 1,470 கோடி மைல்; 1973-இல் அது 230 கோடி மைல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் சட்டம் மாறவில்லை. 1888-இல் வாங்கிய உரிமை எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. பயந்துபோன மனிதர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள், அவ்வளவுதான். வசதி வந்து கார் வாங்கினார்கள், அதனால் சைக்கிள் குறைந்தது, இதில் அச்சம் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்வி. ஆனால் அதே காலத்தில் வசதி வந்த ஹாலந்திலும் டென்மார்க்கிலும் கார் வாங்கியவர்கள் சைக்கிளை விற்றுவிடவில்லை; இரண்டையும் வைத்துக்கொண்டு, எதற்கு எது வசதியோ அதை எடுத்தார்கள். வசதி மட்டுமே விளக்கம் என்றால் அந்த நாடுகளும் பிரிட்டனைப் போலவே ஆகியிருக்க வேண்டும்.

ஸ்டீவனேஜ் ஊரின் கதை இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. போருக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டிய புதுநகரங்களில் 1946-இல் முதலில் அறிவிக்கப்பட்டது ஸ்டீவனேஜ். அதன் தலைமைப் பொறியாளர் எரிக் கிளாக்ஸ்டன் தானே சைக்கிளில் வேலைக்குப் போகிற மனிதர். நகர் முழுக்கப் பன்னிரண்டு அடி அகலப் பாதைகள், பக்கத்தில் தனியாக நடைபாதை, கார் சாலையைக் கடக்கும் இடமெல்லாம் சுரங்கவழி. சைக்கிள் அதிகம் இறங்கி ஏறி மூச்சு வாங்காதபடி, கார் சாலையைச் சற்று உயர்த்தி, சுரங்கவழியை அகலமாகவும் வெளிச்சமாகவும் கட்டினார். இந்த ஊரில் சைக்கிளும் காரும் நேருக்கு நேர் சந்திக்கவே தேவையில்லை. பாதுகாப்பிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நாளடைவில் பாதைகள் காலியாயின. ஸ்டீவனேஜின் சைக்கிள் பயணம் பிரிட்டனின் மற்ற ஊர்களின் தாழ்ந்த அளவிலேயே வந்து நின்றது. காரணம் அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. சைக்கிள்கள் எல்லாம் கீழே போய்விட்டதால் மேலே காருக்குத் தடையில்லா அகலச் சாலை கிடைத்தது. சிக்னல் குறைவு, நெரிசல் இல்லை, போகிற இடத்தில் நிறுத்த இடம் தாராளம். இங்கிலாந்திலேயே கார் ஓட்ட இவ்வளவு சுகமான ஊர் அரிது. கிளாக்ஸ்டன் சைக்கிளுக்கு எல்லாவற்றையும் கொடுத்தார். காரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நல்ல மனிதர், நல்ல பொறியாளர். அவர் கட்டிய பாதையைவிட அவர் தொடாமல் விட்ட சாலையே ஊரின் பழக்கத்தைத் தீர்மானித்தது.

ஹாலந்துக்கு வருவோம். அங்கே சைக்கிள் பிறவியிலேயே ரத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது; சுற்றுலாக் கையேடுகள் அதை வளர்க்கின்றன. வரலாறு அவ்வளவு இனிமையானது அல்ல. 1924-இல் அங்கே சைக்கிள் வரி விதித்தார்கள். ஆண்டுக்கு மூன்று கில்டர் கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு சின்னப் பித்தளை வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்ட முடியாத ஏழைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் இலவச வில்லை உண்டு; ஆனால் அதன் நடுவில் ஓட்டை போட்டிருப்பார்கள். தெருவில் போகும்போதே இவன் தர்மத்தில் ஓட்டுகிறவன் என்று எவருக்கும் தெரிந்துவிடும். பொருளாதார மந்தக் காலத்தில் எத்தனை பேர் இந்த ஓட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். வசூலான பணத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலை நிதிக்குப் போனது. சைக்கிள்காரர் காசில் கார் சாலை. அதை ஒட்டிச் சில சைக்கிள் பாதைகள். அந்தக் காலத்து ஹாலந்துப் பாதைகளும் பெரும்பாலும் முதல் வகைதான். மெதுவாகப் போகிறவர்களை ஒதுக்கிக் காருக்கு வழி செய்தவை என்பதை ரூத் ஓல்டன்சீல், அத்ரி ஆல்பர்ட் டி லா ப்ரூஹேஸ் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த வரியை 1941-இல் ரத்து செய்தது, வினோதம், நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் நிர்வாகம்.

போருக்குப் பிறகு ஹாலந்தும் பிரிட்டன் போன வழியில்தான் போனது. 1954-இல் ஆம்ஸ்டர்டாமின் காவல் தலைவர் காஸ்யாகர், நகரின் பழைய கால்வாய்கள் சிலவற்றை மண்ணிட்டு நிரப்பிக் காருக்குச் சாலை போடலாம் என்று திட்டம் கொடுத்தார். 1967-இல் டேவிட் யோகினன் என்ற அமெரிக்கத் திட்டவியலாளர், பழைய குடியிருப்புகளை இடித்து ஆறுவழிச் சாலையை நகருக்குள் இழுத்துவரச் சொன்னார். சைக்கிள் பயணம் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே வந்தது. 1970-களின் தொடக்கத்தில், ஒரு கோடியே முப்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையுள்ள அந்த நாட்டில் சாலைச் சாவுகள் உச்சம் தொட்டன. 1972-இல் 3,264 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் இறந்தவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ஆல்னஸ் குழு இருந்திருந்தால் பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுங்கள் என்று சொல்லியிருக்கும். மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 1972-இல் டி டைட் நாளிதழில், இது விபத்து அல்ல, குழந்தைக் கொலை, இதை நிறுத்துங்கள் என்ற பொருளில் எழுதினார். அந்தத் தலைப்பையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் எழுந்தது. அதன் முதல் தலைவர், பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரான மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய். பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், தெருவிலேயே மேசை போட்டுச் சாப்பிட்டார்கள், பிரதமர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாடினார்கள். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் பகுதிச் சிறுவர்கள் விளையாட இடம் கேட்டுத் தங்கள் தெருவைத் தாங்களே தடுப்பு வைத்து மூடியதைத் தொலைக்காட்சி படம் பிடித்தது. தடுப்பை இழுத்துத் தள்ள வந்த பெரியவர்களோடு நடந்த தள்ளுமுள்ளும் அதில் பதிவாகியிருக்கிறது.

1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியால் ஞாயிறுகளில் கார் ஓட்டத் தடை வந்தது. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சக்கரக்காலணி கட்டி ஓடினார்கள். இந்த ஞாயிறுகளே ஹாலந்தை மாற்றிவிட்டன என்று பலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அதே குளிர்காலத்தில் அதே ஞாயிறுகள் வந்துபோயின. ஹாலந்தில் வித்தியாசம், கேட்பதற்கு ஆட்கள் முன்பே தெருவில் நின்றதுதான். 1975-இல் புதிய சைக்கிள் சங்கம் ஒன்றும் பிறந்தது. 1883-இல் சைக்கிள்காரர்கள் தொடங்கிய பழைய சங்கமான ஏஎன்டபிள்யூபி அதற்குள் காரோட்டிகளின் சங்கமாக உருமாறியிருந்ததால், நாங்களே உண்மையான சைக்கிள் சங்கம் என்று குத்தலாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அரசு டில்பர்க்கிலும் ஹேக்கிலும் மாதிரிப் பாதைகள் போட்டுப் பார்த்தது. கார் நிறுத்தும் இடம் போனதென்று ஹேக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். அந்தப் பாதைகளில் கூட்டம் வந்தது. ஆனால் ஊர் மொத்தத்தில் சைக்கிள் பெரிதாகக் கூடவில்லை. ஒரே ஒரு நல்ல பாதை போதாது, வலைப்பின்னலாக வேண்டும் என்ற பாடத்தை அடுத்துவந்த டெல்ஃப்ட் நகரத் திட்டம் எடுத்துக்கொண்டது.

இதைவிட முக்கியமான சோதனை வடக்கே க்ரோனிங்கனில் நடந்தது, அதுவும் புதிதாகப் பாதை எதையும் பெரிதாகப் போடாமலே. 1977 செப்டம்பர் 19 அன்று நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளும் நடையும் எங்கும் நேராகப் போகலாம். மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற, அப்போது முப்பதைச் சற்றே தாண்டியிருந்த நகரமன்றப் பொறுப்பாளர் இதை முன்னின்று செய்தார். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் கேட்கிற வாதம். பாண்டி பஜாரில் நடைபாதை அகலமானபோதும் கேட்டது. க்ரோனிங்கனில் கடைத்தெரு மூடிவிடவில்லை. அந்த நகரம் இன்று உலகில் சைக்கிள் அதிகம் ஓடும் ஊர்களில் ஒன்று. ஸ்டீவனேஜையும் க்ரோனிங்கனையும் பக்கத்தில் வைத்தால் போதும்: முதல் ஊரில் அருமையான பாதை, ஆனால் காருக்குக் குறுக்குவழி, இரண்டாவது ஊரில் சாதாரணத் தெரு, ஆனால் சைக்கிளுக்குக் குறுக்குவழி.

1990-களில் ஹாலந்து இந்த அனுபவத்தை ஒரு கொள்கையாக வடித்தது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறு சாவில் முடியாதபடி சாலை இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேகமும் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில் கலந்து போகலாம்; சமமில்லாத இடத்தில் பிரிக்க வேண்டும். ஆகவே குடியிருப்புத் தெருவில் 30 கிலோமீட்டர் வேகம், அங்கே தனிப் பாதை தேவையில்லை. 50-க்கு மேல் ஓடும் சாலையில் தனிப் பாதை கட்டாயம். 60-இல் வரும் கார் சுமந்துவரும் மோதல் ஆற்றல், 30-இல் வரும் காரைப்போல நான்கு மடங்கு, பள்ளி இயற்பியல்தான். சந்திப்புகளில் வெஸ்டர்ன் அவென்யூ செய்த தவறைத் தலைகீழாக்கினார்கள்: குறுக்குத் தெருவில் சைக்கிள் பாதை அறுவதில்லை, மட்டம் மாறாமல் தொடர்கிறது, கார்தான் மேடேறி இறங்க வேண்டும். 2001 மே மாதம் முதல் வலப்பக்கமிருந்து வரும் சைக்கிளுக்கும் கார் வழிவிட வேண்டும் என்று விதி மாறியது. மோட்டார் வண்டி சைக்கிள் மீது மோதினால் நஷ்டஈட்டில் பொறுப்பு முதலில் வண்டிக்காரருக்கே. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்றால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும். 2023-இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 684 பேர். அவர்களில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். பெருமைப்பட இந்த எண் போதாது. மின்சார சைக்கிளில் வேகமாகப் போகும் முதியவர்கள் இப்போது பெரும் கவலை. ஆனால் 1972-ஐவிட மக்களும் கூடி, வண்டிகளும் பன்மடங்கு பெருகிய நாட்டில் 3,264 என்பது 684 ஆனது.

ஸ்டான்சரின் வாதம் அத்தோடு சாகவில்லை. அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் 1970-களின் தொடக்கத்தில் சில தெருக்களில் சைக்கிள்காரர்களை நடைபாதையில் போகச் சொன்னது. ஜான் ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் அதை எதிர்த்துச் சாலையில் ஓட்டினார். 1976-இல் எஃபெக்டிவ் சைக்கிளிங் என்ற நூலை எழுதினார். சைக்கிளும் ஒரு வண்டி, வண்டிக்காரரைப் போல நடுவழியில் தைரியமாக ஓட்டுங்கள், அதுவே பாதுகாப்பு என்பது அவர் சித்தாந்தம். அந்த நடைபாதை ஏற்பாட்டைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. அது முதல் வகையிலும் மட்டமான வகை. ஆனால் அவர் மருந்து யாருக்குப் பொருந்தும்? மணிக்கு முப்பது கிலோமீட்டரில் மிதிக்கத் தெம்புள்ள நடுவயது ஆணுக்குப் பொருந்தும். ஒன்பது வயதுச் சிறுமிக்கும், கூடையில் காய்கறியோடு போகிற அறுபது வயது அம்மாளுக்கும் பொருந்தாது. ஃபாரஸ்டரின் கொள்கை செல்வாக்குப் பெற்ற நாடுகளில் சைக்கிள்காரர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஹாலந்தில் பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் ஓட்டுகிறார்கள்.

இதெல்லாம் தட்டை நிலமும் பணமும் உள்ள நாட்டுக்கு, நமக்கு ஆகுமா என்ற ஆட்சேபம் எப்போதும் வரும். நிலம் தட்டையாக இருப்பது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீவனேஜும் மலைநாடு அல்ல, தஞ்சாவூரும் அல்ல. பணம் என்று பார்த்தால் க்ரோனிங்கன் செலவழித்தது பெரும்பாலும் பலகைக்கும் பூந்தொட்டிக்கும் நடைமேடைக் கல்லுக்கும்தான். நம் நாட்டில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. கொல்கத்தாக் காவல்துறை 2008-இல் 38 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்து, 2013-இல் அந்தப் பட்டியலை 174 சாலைகளாக நீட்டியது. பால்காரரும் தினக்கூலியும் அபராதம் கட்டினார்கள். ஆல்னஸ் குழுவின் தர்க்கம் எழுபது ஆண்டு கழித்து அப்படியே வந்தது. டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பேருந்துக்குத் தனி வழியும் அதன் ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள். அங்கே கார் உண்மையாகவே இடத்தை இழந்தது. கூச்சலும் அதற்கேற்ப எழுந்தது. உயர் நீதிமன்றம் 2012-இல் திட்டத்தைக் கைவிட மறுத்தும் சில ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பது நிஜம். ஆனால் குறையுள்ள மேம்பாலங்களை நாம் இடிப்பதில்லை.

தமிழ்நாடு இந்தக் கதையில் ஒரு தனி நிலையில் நிற்கிறது. 1949-இல் சென்னையில் நிறுவப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் லட்சக்கணக்கில் வண்டி செய்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. உலகில் வேறெந்த அரசும் இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம். 2014-இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கொள்கையே வகுத்தது. நடைபாதைகள் சில நன்றாக வந்தன, சைக்கிளுக்கு வந்தது சொற்பம். மாவட்டங்களிலோ சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் துறை வேறு, சாலை போடும் துறை வேறு. இருவழிச் சாலை நால்வழியாகும்போது நடுவே தடுப்புச்சுவர் எழும்புகிறது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்றால் மாணவி அடுத்த திறப்பு வரை எதிர்த்திசையில் ஓட்டுகிறாள், அல்லது லாரிகள் நிறுத்திவைத்த ஓரத்தைச் சுற்றி வேகவழிக்குள் இறங்குகிறாள். சாலைத் திட்ட மதிப்பீட்டில் வாகன எண்ணிக்கை எடுக்கும்போது அவளையும் ஒரு வண்டியாக எண்ணுகிறார்கள். ஆனால் வழி வேண்டிய வண்டியாக அல்ல, ஓட்டத்தைக் குறைக்கும் மெதுவான வண்டியாக. அரசு கொடுத்த சைக்கிளை அரசு போட்ட சாலை தடையாகக் கணக்கிடுகிறது.